மாத்திரை டப்பாவில் கொக்கி

ஆகஸ்ட் 4, திங்கள்

என் வீட்டில் திருட்டு நடக்கிறது. திருடு போவது என் முழங்கால் வலி மாத்திரை. திருடுகிறவர் இந்த வீட்டுக்குள் வந்து போகிறவர். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விவரம் வருமாறு. ஜூலை பத்தாம் தேதி டாக்டர் பெனடிக்ட் என் வலது முழங்காலில் ஊசி போட்டார். கையிலோ இடுப்பிலோ போடுகிற ஊசி இல்லை, மூட்டுக்குள்ளேயே இறக்குகிற ஊசி. இடது காலுக்கு இம்மாதம் இருபத்தைந்து என்று டோக்கன் கொடுத்திருக்கிறார். அதுவரை தாங்க முடியாத வலி வந்தால் மட்டும், சாப்பிட்ட பிறகு, ஒரு மாத்திரை. முப்பது வாங்கினேன். பதினொன்று சாப்பிட்டேன். சாப்பிட்ட ஒவ்வொன்றுக்கும் இந்த டைரியின் ஓரத்தில் ஒரு கோடு இருக்கிறது. மீதம் பத்தொன்பது இருக்க வேண்டும். இன்று காலை எண்ணினேன். பன்னிரண்டு.

ஏழு மாத்திரை தானாக நடந்து போகாது.

நான் மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் லைன்மேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. மற்றதெல்லாம் கம்பத்தின் மேல் நின்று நானாகக் கற்றது. லைனில் கொக்கி போட்டுக் கரண்ட் திருடியவர்களை அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் என்னைப் போல் பிடித்தவர் கிடையாது. வீட்டுக்குள் வந்து ஒருவன் கொக்கி போட்டால் விடுவேனா?

என் மனைவி உலகம்மாளிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

“எலி தூக்கிருக்கும்.”

“எலிக்கு மூட்டு வலியா?”

“அதுவும் இந்த வீட்லதான ஏறி எறங்குது.”

விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று குறித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சந்தேகப்படத் தக்கவர் ஒருவரே. உலகம்மாளின் தம்பி செல்லப்பாண்டி. அடுத்த தெரு. வாழைக்காய் மண்டியில் மூட்டை தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவன். தினமும் காலையில் என் பேப்பரைப் படிக்க வருகிறான். மாத்திரை டப்பா இருக்கும் அலமாரிக்குக் கீழேதான் உட்காருவான். போதாதா?

இன்று வந்ததும் சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தேன்.

“மாப்ள, இடுப்பு இப்ப எப்படி?”

“பரவால்ல அத்தான்.”

“எப்படிப் பரவால்ல? என்ன மருந்து?”

“மருந்தா? ஆத்தங்கரை வரைக்கும் நடக்கேன், அவ்வளவுதான்.”

நடக்கிறானாம். ஆற்றங்கரை வரைக்குமாம். என் ஏழு மாத்திரையும் சேர்ந்துதான் நடக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

மாத்திரை அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பூதக்கண்ணாடி வைத்து முழுக்கப் படித்தேன். ஆங்கிலம். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ஆனது. இந்தத் தெருவில் அதைப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வயிற்றுப்புண் உள்ளவர்கள் கவனம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கூடாது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. எனக்கு பிரஷர் இல்லை. ஆகவே எனக்குப் பொருந்தாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

உலகம்மாளுக்குச் செருப்பு வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை. கடிக்கிறதாம். வாரை அறுத்துவிடச் சொன்னாள். “அளவு பாத்துத்தான வாங்குன?” என்றேன். “கால் வளந்துட்டு” என்றாள். அறுபத்தாறு வயதில் கால் வளர்கிற மனுஷியை இன்றுதான் பார்க்கிறேன். அறுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாத்திரை: பத்து. நான் இந்த வாரம் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை. வலது காலில் ஊசி நன்றாக வேலை செய்கிறது. இடது காலும் கூட வரக் கற்றுக்கொண்டுவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கு இப்போது மாத்திரை தேவைப்படவில்லை. ஆனால் வலி வேறு, உரிமை வேறு.

திருட்டு நடக்கும் லைனை எப்படிக் கண்டுபிடிப்பது? சந்தேகமான இடத்துக்கு முன்னால் சப்ளையைத் துண்டிக்க வேண்டும். எந்த வீட்டில் விளக்கு அணைகிறது என்று தெருவில் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் தொழில்.

ஆகஸ்ட் 9, சனி

ஸ்டூல் போட்டு ஏறி டப்பாவைப் பரணில் வைத்தேன். பித்தளை அண்டாவுக்குப் பின்னால். ஏறும்போது உலகம்மாள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

“விழுந்து தொலைக்காதிய. ரெண்டு ஊசிக்குப் பதிலா மூணு ஊசி ஆயிரும்.”

“முப்பத்தடி கம்பம் ஏறினவன்ட்ட ஸ்டூலப் பத்திப் பேசாத.”

சப்ளை துண்டிக்கப்பட்டது. இனி எங்கே விளக்கு அணைகிறது என்று பார்ப்போம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

செல்லப்பாண்டி வந்தான். பேப்பர் படித்தான். போனான். நடையில் எந்த மாற்றமும் இல்லை. நடிப்பு.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை வாசலில் கோலம் இல்லை. கேட்டால் மழை வரும் போல இருந்ததாம். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

குடிதண்ணீர் வரும் நாள். தெருக்குழாயில் இருந்து எப்போதும் ஐந்து குடம் பிடிப்பாள். இன்று இரண்டுதான். “ரெண்டு பேருக்கு எதுக்கு அஞ்சு?” என்கிறாள். நாற்பது வருடம் கழித்து இந்தக் கணக்கு. காய்கறியை நின்றுகொண்டே நறுக்குகிறாள். அரிவாள்மணையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். மதியம் ரசமும் அப்பளமும் மட்டும். வீட்டு நிர்வாகம் சரியில்லை. திருட்டு விசாரணை முடிந்ததும் இதைக் கவனிக்க வேண்டும்.

பரணில் மாத்திரை: பத்து. செல்லப்பாண்டி சுகமாகத்தான் இருக்கிறான்.

ஆகஸ்ட் 13, புதன்

கோலம் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

உலகம்மாள் காலையிலேயே பரணைப் பிடித்துக்கொண்டாள். யார் வரப்போகிறார்கள் என்று இப்போது பரண் சுத்தம்?

“ஒட்டடையா தொங்குது. எல்லாத்தையும் எறக்குங்க. அண்டாவ வெளக்கணும்.”

“அண்டாவ இப்ப எதுக்கு வெளக்க? ஊருக்குச் சோறு போடப் போறியா?”

“எறக்குவியளா, இல்ல நான் ஏறட்டா?”

ஆனால் ஏறவில்லை அவள். ஸ்டூலின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தாள், அடுத்த காலைத் தூக்காமல் அப்படியே நின்றாள். சும்மா மிரட்டல். நானே ஏறி எல்லாவற்றையும் இறக்கினேன். டப்பாவை மறுபடியும் அலமாரியில் வைக்க வேண்டியதாயிற்று. அண்டாவை அவள் விளக்கவில்லை. இன்னும் கூடத்தில்தான் கிடக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

கோலம் இருக்கிறது. ஐந்து குடம். கத்திரிக்காய் வதக்கல், பருப்புக் குழம்பு. நிர்வாகம் நான் கண்டிக்காமலேயே சீரடைந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாத்திரை: ஆறு.

மூன்று நாளில் நான்கு! பரணில் இருந்தவரை ஒன்றுகூடக் குறையவில்லை. கீழே இறக்கியதும் குறைகிறது. இதிலிருந்து தெரிவது என்ன? திருடன் பரணுக்கு எட்டாதவன். செல்லப்பாண்டி ஆறடி. இது ஒன்றுதான் இடிக்கிறது. ஆனால் இடுப்பு வலிக்காரன் கையைத் தூக்க மாட்டான் என்று யோசித்ததில் அதுவும் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

கேட்டுவிட்டேன். பேப்பரை மடித்து வைத்த நேரம் பார்த்து, நேராகவே கேட்டேன்.

“மாப்ள, பதிமூணு மாத்திரை காணும். நீயா சொல்லிட்டா இதோட விட்டுருதேன்.”

அவன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். உலகம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, சொல்லட்டா?”

“வாய மூடிட்டுப் போலே.”

அவன் எழுந்தான். “அத்தான், உங்க மாத்திரைய நான் தொடல. யாரு தொட்டான்னு தெருவுக்கே தெரியும். உங்க ரெண்டு கண்ணுக்குத்தான் தெரியல. நீங்கதான் பெரிய கொக்கி புடிக்கிற ஆளாச்சே, புடிங்க.”

பேப்பரை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். ஒருவன் என்னிடம், கம்பி காற்றில் தானாக வந்து மாட்டியது என்றே சொல்லியிருக்கிறான்.

உலகம்மாள் மதியம் வரை என்னோடு பேசவில்லை. கேட்டதற்கு, “என் தம்பியக் கள்ளன்னுட்டிய. இனி என்னத்தப் பேச?” என்றாள். கண் வீங்கியிருந்தது. அழுதிருப்பாள். முகமே வீங்கின மாதிரிதான் இருந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

செல்லப்பாண்டி வரவில்லை. பேப்பர் கசங்காமல் இருக்கிறது. படிக்கச் சுவாரஸ்யமாக இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மாத்திரை: இரண்டு. செல்லப்பாண்டி நான்கு நாளாக வாசற்படி மிதிக்கவில்லை. பால்காரர் படியோடு போகிறார். வேறு யாரும் வருவதில்லை.

உலகம்மாளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, குமட்டுகிறது என்றாள். பகலில் இரண்டு முறை படுத்தாள். பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். நன்றி சொன்னாள். வழக்கமில்லை.

ஆகஸ்ட் 23, சனி

எலி என்று அவள் சொன்னதை மறுபடி யோசித்தேன். எலிக்குப் பரண்தான் சுலபம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

எழுத எதுவும் இல்லை. மாத்திரை: ஒன்று.

ஆகஸ்ட் 25, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இடது கால் ஊசிக்குப் போனோம். டோக்கன் ஒன்பது. எப்போதும் போல் உலகம்மாள்தான் என் எக்ஸ்ரேயும் ஃபைலும் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். பெயர் கூப்பிட்டதும் நான் முதலில் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கதவைத் தாண்டி, வராந்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன முறையும் இப்படித்தான், “அம்மாவுக்கு எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று சம்பந்தமில்லாமல் கேட்டார். அவளுக்கு ஒன்றுமில்லை, என் எக்ஸ்ரேயைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன்.

வராந்தாவில் இருந்து நாற்காலிக்குப் பத்தடி. அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். இரண்டு காலும் வில் மாதிரி வெளியே வளைந்து, உடம்பு இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு. நான் திரும்பிப் பார்த்ததால் பார்த்தேன். நாற்பது வருடமாக அவள் எனக்குப் பின்னால்தான் நடக்கிறாள். பின்னால் நடப்பவளின் நடையை எப்படிப் பார்க்க முடியும்? இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

“அம்மா, நீங்க உக்காருங்க. ஐயா, நீங்க எந்திரிங்க,” என்றார் டாக்டர்.

அவள் பாதத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“என்ன மாத்திரைம்மா சாப்பிடுறீங்க?”

“பிரசருக்கு ஒண்ணு. காலைல.”

“வலிக்கு?”

ஃபைலை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எனக்குத் தெரிஞ்சாத்தான் உங்களக் காப்பாத்த முடியும்.”

“இவிய மாத்திரதான்,” என்றாள். “போன வருசத்துல இருந்து. அப்பல்லாம் இவிய எண்ண மாட்டாவ. இப்பத்தான் எண்ண ஆரம்பிச்சாவ. அதனால பத்து நாளாக் கடையிலயும் வாங்குனேன். பொட்டலம் போட்டுத் தருவாவல்லா, மூணு வேளைக்குச் செட்டா, அது.”

“அது ரெண்டுமா?”

“வலிக்குல்லா சார்.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “ஐயாவுக்கு நான் எழுதுனது ஐயாவுக்குச் சரி. உங்களுக்கு விஷம். பிரஷர் மாத்திரை போடுறவங்க இத டாக்டர் சொல்லாமத் தொடவே கூடாது. கிட்னிதான் முதல்ல அடிவாங்கும்.”

இதை நான் படித்திருந்தேன். இரண்டரை மணி நேரம், அகராதி வைத்துக்கொண்டு. பொருந்தாது என்று எழுதியும் வைத்திருக்கிறேன்.

அங்கேயே இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் கேட்டேன்.

“என்ட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“சொன்னேனே.”

“எப்ப சொன்ன?”

“ரெண்டு வாட்டி சொன்னேன். ஒரு வீட்ல ஒருத்தருக்குத்தான் மூட்டு வலி இருக்கணும் போலன்னு விட்டுட்டேன். ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா தண்ணி யாரு தூக்குவா?” சிரித்தாள். “ஒங்க லைன்ல கொக்கி போட்டது நாந்தான். கேஸ் எழுதுங்க.”

முடிவு வந்தது. சிறுநீரகம் தளர்ந்து, இரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறதாம். இன்னும் ஒரு மாதம் இப்படியே போயிருந்தால் என்று ஆரம்பித்து, டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. வலி மாத்திரையை இன்றோடு நிறுத்தினால் ஒரு வாரத்தில் திரும்ப வாய்ப்பு இருக்கிறது. பிரஷர் மாத்திரையை மாற்றி எழுதினார். அடுத்த திங்கள் மறுபடி இரத்தப் பரிசோதனை. உப்பு இறங்கியிருந்தால் அவள் முழங்காலுக்கு ஊசி. அவளுக்கு இனி மாத்திரை வழி கிடையாது, ஊசியும் பயிற்சியும்தான்.

“ஐயா, உங்க ஊசிய இப்பப் போட்டுரலாமா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். வலி இல்லை என்பதால் வேண்டாம் என்றேன். வேறு காரணம் இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இரண்டு முறை சொன்னேன் என்கிறாள். ஆதாரம் இல்லாமல் நான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. பழைய டைரிகளை எல்லாம் எடுத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய டைரி, மார்ச் 12: “உ. முழங்கால் வலி என்றாள். கம்பம் ஏறியவனுக்கு வந்தால் நியாயம், அடுப்படியில் நிற்பவளுக்கு எதற்கு வரும் என்று கேட்டேன். தைலம் இருக்கிறது.”

அதே வருடம் ஜூன் 3: “உ. மறுபடியும் வலி என்றாள். எனக்கும்தான் என்றேன்.”

அதற்குப் பிறகு தேடினேன். அந்த வருடம் முழுக்க, அடுத்த வருடம் முழுக்க. என் வலி நூற்றுப் பதினெட்டு இடத்தில் இருக்கிறது. அவள் வலி எங்குமே இல்லை.

கையெழுத்து என்னுடையதுதான். அடித்தல் திருத்தல் இல்லை.

இருந்தாலும் கேட்காமல் எடுத்தது தவறு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

ஐந்து குடம் நான் பிடித்தேன். குழாயடியில் பெண்கள் வழிவிட்டார்கள். ஒருத்தி, “என்ன தாத்தா, கரண்ட் ஆபீஸ்ல இருந்து தண்ணி ஆபீசுக்கு மாத்திட்டாவளா?” என்றாள். பதில் சொல்லவில்லை. மூன்றாவது குடத்தில் இடது முழங்கால் தன் கருத்தைச் சொன்னது. அதற்கும் பதில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

பாதத்தில் அழுத்திப் பார்த்தேன். குழி விழுகிறது, சீக்கிரம் மறைகிறது. “டாக்டரு ஆயிட்டியளோ?” என்கிறாள். நேற்று இரண்டு இட்லி. இன்று மூன்று.

வலிக்கிறது அவளுக்கு. மாத்திரை இல்லாமல் எப்படி வலிக்கும் என்பதை ஒளிக்காமல் காட்டுகிறாள். எழும்போது ஒரு சத்தம் வருகிறது, மூட்டில் இருந்து அல்ல, தொண்டையில் இருந்து. இத்தனை நாள் அந்தச் சத்தத்தை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

இரத்தத்தில் உப்பு இறங்கிவிட்டது. முழுக்க இல்லை. ஊசி போடும் அளவுக்கு.

ஆனால் ஊசிக்கு டோக்கன் இல்லை, பதினைந்தாம் தேதிதான் என்றாள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்.

“நான் போன வாரம் போடாமப் போன டோக்கன் இருக்குல்லா? ஆவுடையப்பன். அதுல போடுங்க.”

“அது உங்க பேர்ல இருக்கு சார். பேர் மாத்த முடியாது. ரூல்ஸ்.”

என்னிடம் ரூல்ஸ் சொல்கிறாள். வீட்டு மின் இணைப்பு எத்தனை பேருக்குப் பெயர் மாற்றிக் கொடுத்தவன் நான். ஒரு தாள் வாங்கி அங்கேயே எழுதினேன்: “பொருள்: டோக்கன் எண் ஒன்பது, பெயர் மாற்றம் கோருதல். மேற்படி டோக்கனை என் மனைவி உலகம்மாள் பெயருக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மேற்படி வலியை அவர் இரண்டு வருடமாக என் பெயரில் அனுபவித்து வருகிறார்.” தேதி, கையெழுத்து. அந்தப் பெண் படித்துவிட்டு, தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்து, “அம்மா, உள்ள வாங்க,” என்றாள்.

ஊசி இறங்கும்போது உலகம்மாள் என் கையைப் பிடித்தாள். நாலு பேர் பார்க்க நெருக்கிப் பிடித்தாள். நான் விடச் சொல்லவில்லை.

வரும் வழியில் அவளை முன்னால் நடக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

விசாரணை முடிந்தது. இனி செய்ய வேண்டியவை, செய்ய வேண்டியவர்கள்:

டப்பாவில் மிச்சம் இருக்கும் ஒரு மாத்திரையைத் தூர எறிவது: நான். எறிந்ததை உறுதி செய்வது: உலகம்மாள்.

பொட்டலம் கொடுத்த மருந்துக்கடை அண்ணாச்சியிடம் போய், இனி சீட்டு இல்லாமல் இந்த வீட்டு ஆளுக்கு எதுவும் தரக் கூடாது என்று சொல்வது: நான். சத்தம் போடாமல் சொல்வது: அதுவும் நான்.

குடிதண்ணீர்: நான் மூன்று குடம், செல்லப்பாண்டி இரண்டு.

அதற்கு முன்னால் செல்லப்பாண்டி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பது: நான். இன்றே. பேப்பரையும் எடுத்துக்கொண்டு.

இரண்டு நாள் ஓய்வு, படி ஏறாமல் இருப்பது: உலகம்மாள். ஏறினால் டாக்டரிடம் புகார் கொடுப்பது: நான்.

தொடைக்குப் பயிற்சி, காலையும் மாலையும், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பத்து எண்ணுவது: இருவரும். எண்ணுவது நான். “நீங்கதான நல்லா எண்ணுவிய” என்கிறாள்.

கூடத்தில் கிடக்கும் அண்டாவை விளக்கிப் பரணில் ஏற்றுவது: நான்.

புதிய ஃபைல் வாங்கி உலகம்மாள் என்று பெயர் எழுதுவது: நான். அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது: நான்.

இடது காலுக்கு மறுபடி டோக்கன் கேட்பது: பிறகு.

தினமும் காலையில் எங்கே வலிக்கிறது என்று கேட்பது: நான். மறைக்காமல் சொல்வது: உலகம்மாள். அதை அன்றைய தேதியில், என் வலிக்கு மேலே, முதல் வரியாக எழுதுவது: நான்.